கண்புரை ஆபரேஷன்: எந்த லென்ஸ் வைப்பது? விலை அட்டை சொல்லாத விஷயங்கள்

“புரை விழுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்” என்று டாக்டர் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் கதையே ஆரம்பம். பக்கத்து அறையில் கவுன்சலர் ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைப்பார். அதில் நாலைந்து வகை லென்ஸ். ஒரு கண்ணுக்குச் சில ஆயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகும் பேக்கேஜ்கள். ஆபரேஷன் அம்மாவுக்கு, பணம் கட்டப்போவது மகனோ மகளோ. அட்டையின் கடைசி வரியில் இருப்பதைக் காட்டி “இது போதும்” என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? “நல்லதாவே வெச்சிடுங்க” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்த ‘நல்லது’ எது என்பதில்தான் சிக்கல். விலை ஏற ஏற எல்லா வகையிலும் மேம்பட்டுக்கொண்டே போக இது செல்போன் இல்லை. விலை கூடிய லென்ஸ் ஒன்றைக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்கிறது. சில கண்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அதோடு, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கிற பொருளும் அல்ல. வெளியே எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். நாள் போகப்போக லென்ஸ் உள்ளே ஒட்டிக்கொள்வதால் அதுவும் சிரமமாகிவிடும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

நம் கண்மணிக்குப் பின்னால் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது மங்கிப்போவதுதான் புரை. சொட்டு மருந்தால் அது கரையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள் செயற்கை லென்ஸை வைப்பதுதான் சிகிச்சை. அந்த லென்ஸின் பார்வைப் பகுதி சுமார் 6 மில்லிமீட்டர்தான். பக்கவாட்டுக் கால்களோடு சேர்த்தால் 13 மில்லிமீட்டர் வரும். ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும், இடையில் மாற்றத் தேவையில்லை.

இந்த யோசனை வந்தது போர் விமானத்திலிருந்து. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தார் ஹரோல்ட் ரிட்லி. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பிளாஸ்டிக்கால் செய்த லென்ஸை ஒரு நோயாளிக்கு வைத்தார். சக மருத்துவர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். இந்த லென்ஸ் பரவலாவதற்கு முன், புரை எடுத்தவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. பழைய குடும்ப ஆல்பங்களில் அந்தக் கண்ணாடித் தாத்தாக்களைப் பார்த்திருப்பீர்கள்.

விலை இறங்கிய கதை மதுரையில் நடந்தது

1990களின் தொடக்கத்தில் இறக்குமதி லென்ஸ் ஒன்று ஏறத்தாழ 100 டாலர். புரையால் பார்வை போனவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்காரர்கள். அவர்களுக்கு அந்த லென்ஸ் எட்டாக்கனி. 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992ல் ‘அரோலேப்’ என்ற தன் சொந்த உற்பத்திப் பிரிவை ஆரம்பித்தது. சுமார் 10 டாலருக்கு லென்ஸ் தயாரித்தது, பிறகு அதையும் விடக் குறைத்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலிருந்து லென்ஸ் போகிறது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கவுன்சலிங் அறையில் அடிக்கடி விழும் சொல் ‘இம்போர்ட்டட்’. உள்நாட்டு லென்ஸ் என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. எந்த நாட்டில் செய்தது என்பதை வைத்து லென்ஸை எடைபோட முடியாது. எந்தப் பொருளால் செய்தது, விளிம்பு எப்படி இருக்கிறது, உங்கள் கண்ணுக்கு எந்த வகை பொருந்துகிறது என்பவையே முக்கியம்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக: மடங்காத பழைய வகை பி.எம்.எம்.ஏ. லென்ஸை உள்ளே நுழைக்க 6 மில்லிமீட்டர் அளவுக்கு வழி வேண்டும். மடக்கு லென்ஸ் 2 முதல் 3 மில்லிமீட்டர் துளையிலேயே போய் உள்ளே விரியும். சிறு துளை என்றால் சீக்கிரம் ஆறும், சிலிண்டர் பவர் புதிதாக வருவதும் குறைவு. அதற்காகப் பழைய முறையில் தையலில்லாமல் செய்துகொண்டவர்கள் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2007ல் வெளியான நேபாள ஒப்பீட்டு ஆய்வு ஒன்றில், ஆறு மாதம் கழித்து இரண்டு முறைக்கும் பார்வை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மடக்கு லென்ஸிலும் நீரை ஈர்க்கும் அக்ரிலிக், ஈர்க்காத அக்ரிலிக் என இரண்டு உண்டு. ஈர்க்காத வகையில், பின்னாளில் பை மங்கிப்போகும் வாய்ப்பு குறைவு. விளிம்பு சதுரமாக வெட்டியிருந்தாலும் அப்படித்தான்.

மோனோ, மல்டி, டோரிக்: என்ன வித்தியாசம்?

அட்டையில் விலை குறைவாக இருப்பது பெரும்பாலும் மோனோஃபோகல். ஒரே தூரத்துக்குத்தான் ஃபோகஸ். வழக்கமாகத் தூரப்பார்வைக்கு வைப்பார்கள். பஸ் போர்டு, டிவி, எதிரில் வருபவர் முகம் எல்லாம் கண்ணாடி இல்லாமல் தெரியும். பேப்பர் படிக்க, ஊசியில் நூல் கோக்க கண்ணாடி வேண்டும். தெளிவு என்று பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கும். உள்ளே வரும் வெளிச்சம் முழுவதும் ஒரே இடத்துக்குப் போகிறது, பங்கு போடுவதில்லை. என் பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் இதுதான். சீரியலுக்குக் கண்ணாடி வேண்டாம், ராசிபலனுக்கு வேண்டும். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

மோனோஃபோகலிலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, பலரும் கேட்பதில்லை. சிறுவயது முதல் மைனஸ் பவர் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் படிப்பார்கள், நுணுக்கமான வேலை செய்வார்கள். அவர்களுக்குத் தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டால், நாற்பது ஐம்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் போய்விடும். “தூரம் நல்லா தெரியுது, ஆனா கையில இருக்கிறதுதான் தெரியல” என்று தவித்துப்போவார்கள். நகை வேலை செய்பவரோ தையல்காரரோ, கிட்டப்பார்வைக்கே லென்ஸை வைத்துக்கொண்டு தூரத்துக்குக் கண்ணாடி போடலாம். இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய் ஆகாது. முன்கூட்டியே சொன்னால் போதும்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கும் ‘மோனோவிஷன்’ என்ற வழியும் உண்டு. மூளை அதை ஏற்கிறதா என்று காண்டாக்ட் லென்ஸ் போட்டு முன்பே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் புரை ரொம்பவும் மங்கலாக இருந்தால் அந்தச் சோதனையும் சரியாக வராது.

அடுத்தது மல்டிஃபோகல், ட்ரைஃபோகல். ‘கண்ணாடியே வேண்டாம்’ என்ற வாக்குறுதியோடு வருபவை இவைதான். லென்ஸின் மேல் நுண்ணிய வளையங்கள் இருக்கும். அவை வெளிச்சத்தைத் தூரம், நடுத்தூரம், கிட்டம் என்று பிரித்து அனுப்பும். பெரும்பாலானோருக்குக் கண்ணாடியின் தேவை உண்மையிலேயே வெகுவாகக் குறைகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு, அது ரூபாயில் கொடுப்பது அல்ல. வெளிச்சம் பங்கு போடப்படுவதால், மங்கலான இடத்தில் சாம்பல் படியும் கறுப்புத் தரையும் பிரித்துத் தெரிவது சற்றுக் குறையும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும் இதைத்தான் சொன்னது: மல்டிஃபோகலில் கண்ணாடி இல்லாமல் சமாளிப்பவர்கள் அதிகம், ஒளிவட்டமும் கூச்சமும் அதிகம்.

பலருக்குச் சில மாதங்களில் இந்த ஒளிவட்டம் பழகிவிடும். எல்லோருக்கும் பழகுவதில்லை. ராத்திரி சவாரி ஓட்டும் டாக்ஸி டிரைவரை நினைத்துப் பாருங்கள். ஹைவேயில் எதிரே வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் ஒரு வளையம் தெரிந்தால் அவருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. அவருக்கு மோனோஃபோகலும் பாக்கெட்டில் ஒரு படிக்கும் கண்ணாடியும் போதும். பெரும்பாலும் வீட்டில் இருந்து, புத்தகமும் போனுமாகப் பொழுது போக்குபவர், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடியே களைத்தவர் என்றால், மல்டிஃபோகல் நல்ல தேர்வாக இருக்கலாம். வாழ்க்கை வேறு என்றால் லென்ஸும் வேறு.

இரண்டுக்கும் நடுவில் இடிஓஎஃப் என்று ஒரு வகை இருக்கிறது. தூரமும் நடுத்தூரமும் நன்றாகத் தெரியும். அதாவது கம்ப்யூட்டர், அடுப்படி, கடைக் கல்லா. மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம். ஒளிவட்டத் தொல்லை பொதுவாக மல்டிஃபோகலைவிடக் குறைவு.

டோரிக்கை இந்த வரிசையில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு கணக்கு. கருவிழியின் வளைவு ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் சிலிண்டர் பவர் வரும். அதைச் சரிசெய்வதுதான் டோரிக். மோனோவிலும் டோரிக் உண்டு, மல்டியிலும் உண்டு. சிலிண்டர் பொதுவாக ஒன்றுக்கு மேல் இருந்தால் பேசத் தகுந்தது; இல்லாதவருக்கு இது வெட்டிச் செலவு. இதைக் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்த வேண்டும். உள்ளே ஒரு டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் போய்விடும். 30 டிகிரி திரும்பிவிட்டால் டோரிக் வைத்ததன் பலனே இல்லை.

யாருக்கு மல்டிஃபோகல் வேண்டாம்?

லென்ஸ் என்பது கேமராவின் முன்பகுதி மாதிரி. படம் பதிவது பின்னால் இருக்கும் விழித்திரையில். அங்கே கோளாறு இருந்தால் முன்னால் எவ்வளவு விலையுள்ள லென்ஸை வைத்தாலும் பயன் குறைவு. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், மாகுலா என்ற நடுப்பகுதி தேய்ந்தவர்கள், கண் அழுத்த நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், கருவிழி ஒழுங்கற்றவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக மருத்துவர்கள் மல்டிஃபோகலைத் தவிர்க்கவே சொல்வார்கள். இந்தக் கண்களில் ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் குறைவு. வெளிச்சத்தை மேலும் பங்கு போட்டால் மிச்சம் இருப்பதும் போகும்.

நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. புரை ஆபரேஷனுக்கு வரும் வயதில் வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை இருக்கிறது. ஆகவே, விலை அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “விழித்திரையைப் பார்த்தாச்சா? ஓசிடி ஸ்கேன் தேவையா?” இதற்குப் பதில் வராமல் லென்ஸ் வகையைப் பற்றிப் பேசுவது, மண் பரிசோதனை செய்யாமல் மாடி எத்தனை என்று முடிவு செய்வது போல.

பிராண்டைவிட அளவு முக்கியம்

ரிட்லியின் முதல் நோயாளிக்கு என்ன ஆனது தெரியுமா? லென்ஸைக் கண் ஏற்றுக்கொண்டது, ஆனால் பவர் தப்பிவிட்டது. அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. பவரைத் துல்லியமாகக் கணக்கிடும் வழி அன்று இல்லை.

இன்று இருக்கிறது; பெயர் பயோமெட்ரி. கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு இவற்றை அளந்து, ஃபார்முலாவில் போட்டு லென்ஸ் பவரைக் கண்டுபிடிக்கிறார்கள். நீளத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தப்பினால் பவரில் இரண்டரை முதல் மூன்று வரை மாறிவிடும். லட்ச ரூபாய் லென்ஸைத் தப்பான பவரில் வைத்தால், சரியான பவரில் வைத்த சாதாரண லென்ஸ் அதைவிட எவ்வளவோ மேல்.

நோயாளி தரப்பில் செய்ய வேண்டியதும் உண்டு. பல வருடங்களுக்கு முன் லேசிக் செய்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். லேசிக் கருவிழியின் வளைவை மாற்றிவிடுவதால் வழக்கமான ஃபார்முலா ஏமாந்துவிடும். இளவயதில் லேசிக் செய்தவர்கள் இப்போது புரை வயதை நெருங்குகிறார்கள். பழைய ரிப்போர்ட் கிடைத்தால் எடுத்துப் போங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், டாக்டர் சொல்லும் நாள்வரை அதை நிறுத்திவிட்டுத்தான் அளவெடுக்கப் போக வேண்டும். கண் வறட்சி இருந்தால் முதலில் அதைக் கவனிப்பது நல்லது. வறண்ட கருவிழியின் அளவு இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று காட்டும்.

“புரை நல்லா முத்தட்டும்” என்று தள்ளிப்போடும் பழைய பழக்கமும் இங்கே இடிக்கிறது. நவீன பயோமெட்ரி ஒளியால் அளக்கிறது. முற்றிய புரைக்குள் ஒளி புகாது. அப்போது அல்ட்ராசவுண்டில்தான் அளக்க வேண்டியிருக்கும், துல்லியம் சற்றுக் குறையும். கடினமான புரையை எடுப்பதும் சிரமம். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்துவிட்டால் அதுவே ஆபரேஷனுக்கான நேரம்.

‘லேசர்’, ‘மஞ்சள் லென்ஸ்’: கூடுதல் கட்டணங்கள்

“லேசர்ல பண்ணிக்கிட்டேன்” என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்துகொண்டது ஃபேகோ. அதில் லேசர் கிடையாது, அல்ட்ராசவுண்ட் அதிர்வில்தான் புரை உடைக்கப்படுகிறது. நிஜமான லேசர் முறை ஃபெம்டோ. அதற்குத் தனிக் கட்டணம். பிரான்ஸில் நடந்து 2020ல் ‘லான்செட்’ இதழில் வெளியான பெரிய ஆய்வில், சாதாரண ஃபேகோவைவிட அது மேலானதாக நிரூபணமாகவில்லை.

நீல ஒளியை வடிகட்டும் மஞ்சள் லென்ஸ் விழித்திரையைக் காப்பாற்றும் என்பார்கள். 2018 காக்ரேன் மதிப்பாய்வு அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. மஞ்சள் லென்ஸ் கெடுதல் என்று அர்த்தமில்லை. அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

பணம், பாலிசி, உச்சவரம்பு

2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. கண் லென்ஸுக்கு அந்த மாதிரி உச்சவரம்பு வரவில்லை. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எம்.ஆர்.பி.யை ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் இருக்கிறது. முதல் விலையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது நிறுவனத்தின் கையில். மருத்துவமனையோ லென்ஸ், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாவற்றையும் ஒரே ‘பேக்கேஜ்’ ஆகச் சொல்கிறது. லென்ஸுக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரிவதில்லை. பிரித்து எழுதித் தரச்சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியும் இல்லை.

இன்னொரு முனையில், தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஏழை நோயாளிக்கு இலவசமாக அறுவை செய்யும் தொண்டு மருத்துவமனைக்கு அரசு தரும் தொகை ஓர் அறுவைக்கு ரூ.2,000. லென்ஸும் அதற்குள்தான். அந்த 2,000 ரூபாய்ச் சிகிச்சையிலும் மனிதர்கள் பார்வை பெற்று வேலைக்குத் திரும்புகிறார்கள். 1819ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளிலும் லென்ஸோடு இலவசமாகச் செய்கிறார்கள். அட்டையில் கடைசி வரி என்பதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

இன்சூரன்ஸ் இருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். புரைக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்புக் காலமும், ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற துணை வரம்பும் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பொதுவான ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது ரூ.40,000, இதில் எது குறைவோ அதுதான் ஒரு கண்ணுக்குக் கிடைக்கும். ஒரு லட்சம் பாலிசி என்றால் 25,000. ஐந்து லட்சம் என்றாலும் 40,000தான். “கேஷ்லெஸ்தானே, மேல் வகையே வைப்போம்” என்று நினைத்தவர்களுக்கு டிஸ்சார்ஜ் அன்று பில் கவுண்டரில் அதிர்ச்சி காத்திருக்கும். மல்டிஃபோகலுக்கு ஆகும் கூடுதல் தொகை பெரும்பாலும் கைக்காசுதான். அட்மிட் ஆகும் முன்பே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கவுன்சலர் முன் உட்காரும்போது

லென்ஸ் யார் கண்ணுக்குள் போகப்போகிறதோ அவரைப் பேசவிடுங்கள். பகலெல்லாம் என்ன செய்கிறார், ராத்திரி வண்டி ஓட்டுகிறாரா, கண்ணாடி போடுவது அவருக்குத் தொல்லையா, இல்லை முகத்தோடு ஒட்டிப்போன பழக்கமா என்பதெல்லாம் கவுன்சலருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் முழுசாகத் தெரியாது. “எனக்குக் கண்ணாடி போட்டாத்தான் முகம் நல்லாருக்கும்” என்று சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடி இல்லாத வாழ்க்கையை லட்சம் கொடுத்து வாங்கித் தர வேண்டியதில்லை. வகையை முடிவு செய்யுமுன், அந்தக் கண்ணுக்கு மல்டிஃபோகல் பொருந்துமா பொருந்தாதா என்பதைக் கவுன்சலரிடம் அல்ல, ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடமே நேரடியாகக் கேளுங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் வயதால் வரும் சாதாரணப் புரையில் இருப்பதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து வரலாம்.

ஆபரேஷன் முடிந்து மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் “லென்ஸ் கெட்டுப்போச்சு” என்று பதற வேண்டாம். லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பை மங்குவது சகஜம். யாக் லேசரில் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்கள்; இங்கேதான் நிஜமாகவே லேசர் வருகிறது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது லென்ஸ் பெட்டியிலிருந்த ஸ்டிக்கரைச் சம்மரியில் ஒட்டித் தருவார்கள். கம்பெனி, மாடல், பவர், சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பணம் கட்டிய லென்ஸும் உள்ளே இருக்கும் லென்ஸும் ஒன்றுதானா என்று பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அது. அடுத்த கண்ணுக்கு அளவு பார்க்கும் டாக்டரும் முதலில் கேட்பது அதைத்தான். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள். அம்மா அந்தக் காகிதத்தை எந்தப் புடவை மடிப்பில் வைத்தார் என்று பின்னாடி தேட வேண்டியிருக்காது.